மங்களத்துக்கு ஏறாத படுதா

போன வாரம் உங்கள் ஒத்திகைக்குக் கூப்பிட்டீர்கள், வந்தேன். முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்து காப்பி கொடுத்தீர்கள். கடைசிக் காட்சி முடிந்ததும் காப்பியை அப்படியே தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பெரியவருக்கு உடம்புக்கு முடியலை போல என்று உங்களுக்குள் பேசிக்கொண்டீர்களாம். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் உங்களில் ரெண்டு பேரைத் தோளில் தூக்குவேன். எனக்கு வந்தது கோபம். அது இன்னும் இறங்கவில்லை.

எங்கள் பழைய நாடகத்தைத் தூசி தட்டி எடுத்திருக்கிறீர்கள். நல்லது. நாயகியாக நடித்த பெண்பிள்ளை புருஷன் வீட்டைவிட்டுப் போகிற இடத்தை நன்றாகவே செய்தாள். விளக்கு அணைந்தது. மறுபடி விளக்கு எரியும்போது, அதே பிள்ளை அதே புருஷன் கையைக் கோத்துக்கொண்டு நின்று பல் தெரியச் சிரித்துக் கும்பிடுகிறாள். எதற்கு? கேட்டால், “அது கதையில் சேராது ஐயா, நடிகர்கள் சபைக்கு வணக்கம் சொல்வது” என்பீர்கள். எங்கள் நாடகக் கம்பெனி முதலாளியும் இதையேதான் சொன்னார். அந்த வணக்கத்தைக் காட்டி ஒரு பெண்ணைப் பூட்டின வீட்டுக்குள் திருப்பித் தள்ளப் பார்த்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். நாலாங்கிளாஸ் வாத்தியாரின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஆனால் தூத்துக்குடிக்குத் தெற்கே நான் படுதா கட்டாத ஊர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். இன்று என் பெயரில் ஓடுகிற மேடை சாமான், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. பத்து வயதில் கொழும்புக்குப் போய்வருகிற தோணியில் கயிறு இழுக்கப் போனேன். அங்கே தோணித் தலைவர் ஒருத்தர் இருந்தார், தண்டல் என்போம். பேசவே மாட்டார், கையால்தான் பேசுவார். அவரிடம் வாங்கின அடியில் ஒன்று கற்றேன். காற்று எப்படி அடிக்கிறது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் தோணியைக் கவிழ்ப்பான். பாயின் ஓரத்தைப் பார்க்கணும். காற்று திரும்புவதற்கு முன்னால் பாயின் ஓரம் துடிக்கும்.

பிறகு அந்தத் தோணி கரையோடு கிடந்து மக்கிப்போக, புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு நாடகக் கம்பெனிக்குப் படுதா இழுக்கப் போனேன். கயிறு இழுக்கிறவனுக்கு எந்தக் கயிறாக இருந்தால் என்ன? மேடையிலும் பாயின் ஓரம் ஒன்று இருக்கிறது. அது நடிகனின் கால். வசனம் சொல்லும் வாயை எல்லோரும் பார்ப்பார்கள். படுதாக்காரன் காலைப் பார்க்கணும். ஒருமுறை ராஜா வேஷக்காரருக்கு, எதிரியைச் சபிக்கிற இடத்தில் வசனம் மறந்துபோனது. முகத்தில் ராஜா அப்படியே இருக்கிறார், வாளும் நிமிர்ந்து நிற்கிறது. பெருவிரல் மட்டும் மணலைத் தேடுகிற மாதிரிப் பலகையைச் சுரண்டியது. படாரென்று படுதாவை இறக்கினேன். ராஜாவின் கோபம் பேச்சையும் கடந்துவிட்டது என்று ஜனம் கை தட்டியது. இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருவார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நாடகத்தை எழுதியது நாசரேத் பக்கத்து டீச்சரம்மா ஒருத்தி. நோட்டீசில் ‘கதை வசனம்’ என்ற இடத்தில் முதலாளி தன் பெயரைப் போட்டுக்கொண்டார். பொம்பளை பெயரைப் போட்டால் கூட்டம் வராது என்று அதற்கு ஒரு நியாயமும் சொன்னார். பொம்பளைக்கு வாய் இல்லாத கதையைப் பொம்பளை எழுத, அதையும் ஆம்பளை பெயரில் போட்ட யோக்கியர்கள் நாங்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கமலம் என்று ஒருத்தி. யார் அவளிடம் என்ன கேட்டாலும் புருஷன் பதில் சொல்வான். “கமலம், சாப்பிட்டியா?” என்றால் “அவ சாப்பிட்டாச்சு.” “கமலம், உடம்பு எப்படி இருக்கு?” என்றால் “அவளுக்கென்ன, நல்லாருக்கா.” முதல் ஒரு மணி நேரம் ஜனம் சிரிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் படித்த படிப்புக்கு டீச்சர் வேலை வருகிறது. கேட்டு வந்தவர்களிடம் “அவளுக்கு விருப்பமில்லை” என்று அவனே சொல்லி அனுப்புவான். அதோடு சிரிப்பு நின்றுவிடும். கடைசியில் அவள் கிளம்புவாள். “எங்க போறே?” என்பான். நாடகத்திலேயே அவளாகச் சொல்லுகிற ஒரே பதில் அப்போதுதான் வரும்.

“போறேன்.”

அவ்வளவுதான். நம் ஊரில் யாராவது போறேன் என்று சொல்வார்களா? பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவளும் போயிட்டு வாரேன் என்பாள். செத்த வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். அந்த ஒரு சொல்லுக்கு ஒத்திகையில் ஆர்மோனியக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அபசகுனம், அந்தம்மா ‘போயிட்டு வாரேன்’ என்று மாற்றிச் சொல்லட்டும் என்றார். முதலாளியும் மாற்றத்தான் பார்த்தார். ஆனால் முதல் மேடையில் ரஞ்சிதம் ‘போறேன்’ என்றதும் சபையில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அந்த அமைதி முதலாளிக்குப் பிடித்துப்போனது. அமைதி தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். புருஷன் வேஷம் அவர்தானே.

ரஞ்சிதத்தைப் பற்றிச் சொல்லணும். கமலமாக நடித்தவள். மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். நாடகக்காரி என்பதால் எந்த ஊரிலும் நல்ல வீட்டில் தங்க இடம் கொடுக்கமாட்டார்கள், பள்ளிக்கூடத்து ஓலைக் கொட்டகையில்தான் படுப்பாள். வாய் நீளம். என்னைவிட நீளம் என்று ஒத்துக்கொள்கிறேன். வேறு யாரையும் அப்படி ஒத்துக்கொண்டதில்லை.

இப்போது மங்களம். நாடகம் எதுவானாலும் முடிவில் மங்களம் பாடித்தான் ஆகணும். செத்தவன் எழுந்து வருவான், சண்டை போட்டவன் சேர்ந்து நிற்பான். நாயகனும் நாயகியும் நடுவில் ஜோடியாக நிற்க, விழாக்காரர்கள் இருவருக்கும் மாலை போடுவார்கள். சபையே எழுந்து நிற்கும். இந்துக் கோயில் கொடை விழாவானால் முருகனுக்கு மங்களம், கடற்கரைக் கிறிஸ்தவ ஊரானால் மாதாவுக்கு மங்களம். கமலம் போனதும் நான் படுதாவை இறக்குவேன். நூறு எண்ணுவதற்குள் மறுபடி ஏற்றுவேன். கமலம் புருஷன் பக்கத்தில் மாலையோடு நிற்பாள். எங்களுக்கு அது பழக்கம். பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரிகிறது என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

சாத்தான்குளத்தில் நாடகம் முடிந்த மறுநாள் காலையில் நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ரஞ்சிதம் எங்கே என்று கேட்டு, அவள் முன்னால் போய் நின்று, ரொம்ப நேரம் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“யக்கா, நீங்க எதுக்குத் திரும்பி வந்திய?”

ரஞ்சிதத்துக்கு விளங்கவில்லை. நான் எங்கேம்மா போனேன், எங்கே திரும்பி வந்தேன் என்றாள்.

“புருஷன் வீட்டுக்கு. போறேன்னு சொல்லிட்டுப் போனிய. பெறகு மாலையும் கழுத்துமா வந்து நின்னிய. எதுக்கு வந்திய?”

அவள் பெயர் தங்கக்கனி. அண்ணன்காரன் அந்த ஊரில் கருப்பட்டி மொத்த வியாபாரி. அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது தூத்துக்குடியில். புருஷன் கடைக்குப் போகும்போது இவளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவான். தண்ணீர்க் குடம் எடுக்கக்கூட வெளியே விடமாட்டான். ஒருநாள் பூட்ட மறந்திருக்கிறான். இவள் கட்டின சேலையோடு பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். திரும்பிப் போகமாட்டேன் என்று ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் அடித்துப் பார்த்தான், அழுது பார்த்தான், நாலு பெரிய மனுஷர்களைக் கூட்டிவந்து பார்த்தான். நடக்கவில்லை. முந்தின நாள் நாடகத்துக்குக் கூட்டிவந்தான். படுதா ஏறி ஜோடி நின்றதும் காதோடு சொல்லியிருக்கிறான்: “பாத்தியாளா. படிச்ச கமலமே வந்துட்டா. இது நாடகமில்ல, ஊர் உலகத்துல நடக்குததான் காட்டுதாவ.”

ரஞ்சிதம் அப்படியே டிரங்குப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். அது மங்களம்மா, கதை இல்லை, கமலம் வரவில்லை, வந்தது நான் என்று சொன்னாள். தங்கக்கனி நம்பவில்லை. அதே சேலைதானே, அதே பொட்டுதானே, பக்கத்தில் அதே ஆள்தானே என்றாள். ஞாயம்தானே? நீங்கள் சொல்லுங்கள்.

அவள் போன பிறகு அண்ணன்காரன் வந்தான், முதலாளியைப் பார்க்க. உங்கள் நாடகம் என் குடும்பத்தைச் சேர்த்துவைக்கப்போகிறது, அடுத்து எங்கே போடுகிறீர்கள், இன்னொரு தரம் காட்டினால் அவள் மனசு கரைந்துவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஆலந்தலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் திருவிழா நாடகம் இருந்தது. அங்கே கூட்டிவா என்றார் முதலாளி. மறுநாளே மாப்பிள்ளையை வரச்சொல்லி அவளை அனுப்பிவைத்துவிடுவேன் என்றான் இவன். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. வேனில் வரும் வழியெல்லாம் இதையே சொன்னார்.

ரஞ்சிதம் வேனிலேயே சொல்லிவிட்டாள். இனிமேல் நான் மங்களத்துக்கு ஜோடி நிற்கமாட்டேன். அது கதையில் சேராது, சபைக்குச் சொல்கிற வணக்கம்தானே என்று முதலாளி சிரித்தார். பிறகு கத்தினார். மங்களத்தில் நாயகி இல்லையென்றால் விழாக்காரன் செருப்பால் அடிப்பான், இந்த ஜில்லாவில் நீ எந்த மேடையிலும் கால் வைக்கமுடியாது என்றார். செய்யக்கூடியவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எந்தக் கம்பெனியும் அவளைத் தொடாது. அது அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். படிந்துவிட்டாள் என்று முதலாளி நினைத்தார். வாய் நீளமானவள் வாயை மூடினால் பயப்படணும் என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கடற்கரை ஊரில் விழாத் தலைவர் பழைய சங்குகுளி ஆள். கழுத்து தேக்கங்கட்டை மாதிரி இருக்கும். மேடை கட்டும்போதே வந்து சொல்லிவிட்டார்: “நாடகம் என்ன எழவாவும் இருந்துட்டுப் போவட்டும். மாதாவுக்கு மங்களம் பாடாம ஒருத்தனும் மேடைய விட்டு எறங்கக் கூடாது. விடிஞ்சா எங்க ஆளுவ கடலுக்குப் போவணும்.” அதில் தப்பில்லை. கடலில் தலையைக் கொடுப்பவனுக்கு அது வேணும்.

மாலை செபம் முடிந்து கூட்டம் உட்கார்ந்துகொண்டிருந்தது. மணலில் நடுவே கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். ரஞ்சிதம் வேஷத்தோடு என்னிடம் வந்தாள். படுதாவின் அடிமூங்கிலைத் தொட்டுப் பார்த்தாள். விழுந்தால் மண்டையைப் பிளக்கிற மூங்கில் அது.

“அண்ணாச்சி, நான் போனதுக்குப் பெறகு இது ஏறக் கூடாது” என்றாள்.

மங்களம் இல்லாமல் முடியாதே, அந்த ஆள் கழுத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“மங்களத்த நான் பாத்துக்கிடுதேன். படுதாவ நீங்க பாத்துக்கிடுங்க.”

கயிறு என் கையில்தான் இருக்கும், போ என்றேன்.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் தங்கக்கனி இருந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், அவளைப் பார்க்கத் தோதாக அண்ணன்காரன். கடைசிக் காட்சி வந்தது. எங்க போறே என்றார் முதலாளி. கமலம் நின்றாள்.

“போறேன்.”

வழக்கமாக அவள் வலது பக்கத் தட்டி வழியாக உள்ளே போவாள். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள், நான் காலைப் பார்த்தேன். குதிகால் திரும்பியது. தட்டிப் பக்கம் இல்லை, சபைப் பக்கம். மேடைக்கு முன்னால் விழாக்காரர்கள் மாலை போட ஏறுவதற்கு மூன்று படி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நடந்தாள்.

முதலாளிக்கு ஒரு நொடி விளங்கவில்லை. விளங்கியதும் கையை நீட்டிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். இந்த இடத்தைக் கவனியுங்கள் பிள்ளைகளா. நான் ஒரு மூச்சு முந்தி விட்டிருந்தால் மூங்கில் அவள் தலையில் விழும். ஒரு மூச்சு பிந்தினால் அவர் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். அதையும் ஜனம் கதை என்றே நினைக்கும். புருஷன் இழுத்தான், அவள் வந்தாள், சுபம். அண்ணன்காரனுக்கு அதைவிட என்ன வேணும்? அவளுடைய பின்னங்கால் மேடை விளிம்பைத் தாண்டும்வரை நான் கயிற்றை விடவில்லை. தாண்டிற்று, விட்டேன். மூங்கில் முதலாளியின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. இந்தக் கடற்கரையில் வேறு எவன் கையிலும் அது அப்படி விழுந்திருக்காது. இதை நான் அடக்கமாகச் சொல்லத் தேவையில்லை.

விழுந்த கையோடு அடிமூங்கிலை மேடைக் காலோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டேன். தோணி முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். விழாக்காரர்கள் போட மேடையில் வைத்திருந்த மாலையை முதலாளி தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். படுதாவை ஏத்துலே என்றார். ஏறாது மொதலாளி என்றேன். ஏன் ஏறாது என்றார். கமலம் வீட்ல இல்ல, யாருக்கு ஏத்த என்றேன். கன்னத்தில் ஒன்று விட்டார். வாங்கிக்கொண்டேன், தண்டல் கொடுத்ததில் பாதிகூட இல்லை. மோதிரம் போட்ட விரல்களால் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தார்.

வெளியே ஆண்கள் பக்கம் சலசலப்பு. மங்களம் எங்கே, மங்களம் எங்கே என்று சத்தம். தலைவர் எழுந்துவிட்டார். படுதாவின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். ரஞ்சிதம் மணலில் நடந்து பெண்கள் பக்கம் போய், தங்கக்கனிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கே நின்றபடி கை கூப்பி மாதாவுக்கு மங்களம் எடுத்தாள். மைக் இல்லை. அந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு? ஆர்மோனியக்காரர் மேடைக்குக் கீழே ஓரத்தில் இருந்தார். மங்களம் காதில் விழுந்தால் அவர் கை தானாக ஓடும். ஓடியது. சுற்றி இருந்த பெண்கள் எழுந்தார்கள். பிறகு எல்லாப் பெண்களும். பிறகு ஆண்கள். தலைவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மங்களம் ஓடும்போது யாரால் பேசமுடியும்? யாரால் போய்த் தடுக்கமுடியும்? படுதாவுக்கு உள்ளே முதலாளிகூட முடிச்சை விட்டுவிட்டு எழுந்து கைகூப்பினார், மாலையோடு, தனியாக.

முடிந்ததும் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். முதலாளி அவரிடம் எங்கள் ரெண்டு பேரையும் பற்றி ஒரு மூச்சு அழுதார். தலைவர் கேட்டுவிட்டு, “மங்களம் ஆச்சுல்லா? பெறவென்ன” என்று போய்விட்டார்.

நான் விளக்கு இறக்க வெளியே வந்தேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தங்கக்கனி மணலில் உட்கார்ந்தே இருந்தாள். அண்ணன்காரன் கயிற்றைத் தாண்டி வந்து நின்றான். முகம் வெந்துபோயிருந்தது.

“எந்திளா, போவோம். நாளைக்கு மாப்ள வாராரு.”

அவள் எந்திரிக்கவில்லை. “அவ போறேன்னுதாம்ணே சொன்னா. வாரேன்னு சொல்லல. வரவும் இல்ல” என்றாள்.

“ஏளா, அது நாடகம்.”

“அன்னைக்கு நீதான நாடகமில்லன்ன.”

அண்ணன் வாய் திறந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. என் ஆயுசில் எத்தனையோ நடிகர்கள் வசனம் மறந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவன் மாதிரி ஒருத்தனும் நின்றதில்லை. அவனுக்கு இறக்கிவிட என்னிடம் படுதா இல்லை, இருந்தாலும் இறக்கியிருக்கமாட்டேன்.

மறுநாள் மாப்பிள்ளை வந்தானாம். நாலு பேர் முன்னால் அவளிடம் கேட்டதற்கு அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தானாம். என்னக் கேட்டா நான் சொல்லுதேன் என்று அவளே சொன்னாளாம். அந்த வீட்டுக்கு அவள் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. நாங்கள் சாத்தான்குளம் பக்கம் நாடகத்துக்குப் போகும்போதெல்லாம் தங்கக்கனி வந்து ரஞ்சிதத்தைப் பார்த்துவிட்டுப் போவாள்.

‘ரஞ்சிதத்தை’ என்றேனா? ஆமாம். எங்கள் ரெண்டு பேரையும் முதலாளி அன்றைக்கே அனுப்பிவிட்டார். சொன்னபடி எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்காமல் பார்த்துக்கொண்டார். ஒன்றரை வருஷம் அவள் உப்பளத்தில் உப்பு வாரினாள். அந்தக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றும். நான் சொந்தமாகக் கம்பெனி தொடங்கியதும் முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டேன். அந்த டீச்சரம்மாவிடம் போய் நாடகத்தையும் கேட்டு வாங்கினேன். நோட்டீசில் டீச்சரம்மா பெயரைப் பெரிய எழுத்தில் போட்டேன். கூட்டம் வந்தது.

இப்போது நீங்கள். படித்திருக்கிறீர்கள். அவள் போகிற காட்சிக்கு நீல விளக்கு போடுகிறீர்கள், வயலின் வைக்கிறீர்கள். அவ்வளவும் செய்துவிட்டு, நாங்கள் அறியாமல் செய்துகொண்டிருந்ததை நீங்கள் அறிந்தே செய்கிறீர்கள். சபையில் தங்கக்கனிகள் இல்லையென்று நினைப்பா? அவர்களைக் கூட்டிவருகிற அண்ணன்மார்களும் இருக்கிறார்கள். இப்போது பேன்ட் போட்டிருப்பான், அவ்வளவுதான்.

வணக்கம் சொல்லணுமா? சொல்லுங்கள். அவளைக் கீழே இறக்கி ஜனத்தோடு நிற்க வைத்துச் சொல்லுங்கள். இல்லை, தனியாக நிறுத்துங்கள். அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். டைரக்டரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர் முகத்தைப் பார்க்கிற ஆள். படுதாக் கயிறு உங்களில் யார் கையில் இருக்கிறதோ, அந்தத் தம்பிக்குச் சொல்கிறேன். அந்த முடிச்சு வேணுமென்றால் என்னிடம் வா, அஞ்சு நிமிஷத்தில் கற்றுத் தருகிறேன்.

நாடகத்தன்று முன்வரிசையில் இருப்பேன். கமலத்தை அவன் பக்கத்தில் மாலையோடு பார்த்தேனென்றால் எழுந்து போய்விடுவேன். போயிட்டு வாரேன் என்று சொல்லமாட்டேன்.